ஆறாவது எண்

உள்ளே வந்ததும் சண்முகவேல் முதலில் செய்த காரியம் கதவைத் தாழிட்டதுதான். அவர் காலில் செருப்பு இருந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் மேனேஜர் செருப்போடு வந்து கஸ்தூரிரங்கன் பார்த்ததில்லை.

“டிரான்ஸ்ஃபர் லிஸ்டை இன்னும் ஃப்ளாப்பியில ஏத்தலையே?”

“இல்ல சார். நாலு மணிக்குத்தானே கூரியர்?”

“நல்லதாப் போச்சு. ஒரே ஒரு ரெக்கார்டு மாத்தணும். இப்பவே மாத்துங்க. லிஸ்ட் பம்பாய் ஹெட் ஆபீஸுக்குப் போனா போனதுதான், அப்புறம் அடுத்த வருஷம்தான்.”

ஒரு துண்டுச் சீட்டைக் கீபோர்டு மேல் வைத்தார். 2147, 6, 63. வேறு எதுவும் அதில் இல்லை.

பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மூவாயிரத்துச் சொச்சம் ஊழியர்களும் ஒரே ஃபைலுக்குள் வெறும் எண்களாக இருந்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு எண். பெயர்கள் தனி ஃபைலில். அது சண்முகவேலின் அலமாரியில். ஆறாவது எண் வேலை பார்க்கும் ஊர். பதினொன்று என்றால் மெட்ராஸ், அறுபத்து மூன்று என்றால் குவாஹாத்தி.

மாற்றுவது நிமிஷ வேலை. கம்ப்யூட்டரில் அதற்கென்றே ரொட்டீன் என்ற ஒரு குட்டி ப்ரோக்ராம் இருந்தது. எத்தனையாவது ரெக்கார்டு, அதில் எத்தனையாவது எண், புதிதாக என்ன போட வேண்டும் என்று மூன்றையும் கொடுத்தால் போதும். முதலிலிருந்து தேடிக்கொண்டு வராது, நேரே அந்த இடத்துக்கே போய்ப் பழைய எண்ணின் தலைமேல் புதியதை எழுதிவிடும். அடித்து எழுதிய தடம்கூட மிஞ்சாது.

“யாரு சார் இது?”

“பேரு வெளிய வரக் கூடாதுன்னு பேச்சு. கேக்காதீங்க.”

“கடைசி நேரத்துல யாரையோ குவாஹாத்திக்குத் தூக்கிப் போடறதுன்னா... பாவம் சார்.”

“ரங்கன், உங்க ரெக்கார்டும் இதே ஃபைல்லதான் இருக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கஸ்தூரிரங்கன் சுற்றிலும் பார்த்தான். அந்த ஏசி அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்த ஒரு கதவையும் மறைத்துக்கொண்டு சண்முகவேல் நின்றார்.

மாட்டேன் என்று எழுந்துவிடலாம். ஆனால் ஜலஜா? அவன் மனைவி, இரண்டு மாடி கீழே க்ளெய்ம்ஸ் பிரிவில் இருக்கிறாள். காலையில் மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வந்து, சாயங்காலம் கூட்டிப் போவது அவன்தான். லஸ்ஸுக்குப் போய் ஒரு ஜாக்கெட் துணி எடுக்கவும் அவன் கூட வந்தாக வேண்டும்.

மூன்று தடவை அவளுக்குப் பிரமோஷன் வந்தது. பிரமோஷன் என்றால் வெளியூர். மூன்று தடவையும் வேண்டாமென்று கடிதம் எழுதியவன் இவன்தான். “நமக்கெதுக்குடீ அந்த அலைச்சல்?” என்பான். அவன் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். அப்படிப்பட்டவளை விட்டுவிட்டு அவன் எங்கே போவது?

மூன்று எண்களையும் தட்டினான். ‘ஓகே’ என்றது திரை.

“ஃப்ளாப்பி போட்டு வைங்க. வந்து வாங்கிக்கறேன்.” சண்முகவேல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

லிஸ்டை ஃப்ளாப்பியில் ஏற்றக் கை வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு ஆளை ரெண்டாயிரம் மைலுக்கு அப்பால் தூக்கி எறிந்தாயிற்று. யாராக இருக்கும்? மனசு கேட்காமல், 2147-இல் இருந்த பன்னிரண்டு எண்களையும் திரைக்கு வரவழைத்தான்.

இரண்டாவது எண் 2. பெண். அவனுக்கு என்னவோ போல் ஆயிற்று. நாலாவது வயது, முப்பத்து நாலு. ஒன்பதாவது, கணவனோ மனைவியோ இதே கம்பெனியில் இருந்தால் அவர்களுடைய ஊழியர் எண். அங்கே 30418 என்று இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக வருகைப் பதிவேட்டில் தினமும் அவன் எழுதிவரும் எண் அது.

பச்சை எழுத்துகள் கண் முன்னால் மங்கின. சண்முகவேலுக்கும் தனக்கும் என்ன விரோதம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வேலை போனாலும் போகட்டும். 2147, 6, 11. தட்டினான். ‘ஓகே’ என்றது திரை. சண்முகவேல் கை நீட்டும்போது ஃப்ளாப்பி தயாராக இருந்தது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.” ஃப்ளாப்பியைக் கவரில் போட்டுக் கொடுத்தான்.

வராந்தாவிலேயே நின்றான். கூரியர்காரர் கவரைப் பையில் போட்டு, வண்டியை உதைத்து, பனகல் பார்க் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது. படிகளில் இரண்டிரண்டாக இறங்கினான்.

ஜலஜா கொத்துக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

“பயப்படாதே, எல்லாம் சரி பண்ணிட்டேன்” என்றான் தணிந்த குரலில். “அந்தச் சண்முகவேல் உன்னைக் குவாஹாத்திக்குத் தள்ளப் பார்த்தான். என் கையாலயே மாத்த வச்சான். அவன் அந்தண்டை போனதும் நான் பழையபடி மெட்ராஸே போட்டுட்டேன். லிஸ்ட்டும் போயாச்சு.”

அவள் காகிதங்களை மேஜைமேல் வைத்தாள். மெல்ல உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“அசடு, இதுக்குப் போய் அழுவாளோ? நான் இருக்கறச்சே உன்னை யார் எங்க அனுப்பிட முடியும்?” அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். “அது சரி, உன்மேல அவனுக்கு அப்படி என்ன கோபம்?”

ஜலஜா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவருக்கென்ன கோபம்? கேட்டதே நான்தான்.”