சளி

தோளில் ஆண் ஹார்மோன் ஜெல் தடவத் தொடங்கிய பிறகும் பவளக்கொடிக்கு ஆணாகிவிடும் எண்ணமில்லை. மேலுதட்டில் அரும்பிய மீசையோடும் தடித்த குரலோடும் பெண்ணாகவே இருக்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். போனில் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அம்மா, "சளி இன்னும் விடலையாடி? மிளகு ரசம் வச்சுக் குடி" என்பாள். ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இவளும் சரி சரி என்றே சொல்லிவந்தாள்.

இன்று அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பவளக்கொடி ஓடிவந்து நடுவில் விழுந்து, "யம்மா" என்று கதறினாள். ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். "தம்பி, ஆம்பளைங்க எல்லாம் வெளிய இருக்கோம், இங்க வாப்பா" என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்.

சித்திதான் இவள் முகத்தைத் தூக்கிப் பார்த்து அடையாளம் கண்டாள். "அடியே, பெத்த மகடி இவ!" என்று கட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "தொண்டைக்கு என்னடி ஆச்சு?" என்றாள்.

வட்டம் மொத்தமும் பதிலுக்குக் காத்திருந்தது. பவளக்கொடி சித்தியைப் பார்க்கவில்லை.

"சளி இன்னும் விடலம்மா" என்றாள், மூக்கில் பஞ்சு வைத்திருந்த அந்த முகத்திடம்.