பேர் எழுதாத மொய்

1999 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் மருதாசலம் ஒரு மின்னஞ்சலைத் திறந்தான். அவனுடைய விளம்பரக் கணக்கை மூடிவிட்டதாக அமெரிக்கக் கம்பெனி எழுதியிருந்தது.

ஒரே கணினியிலிருந்து விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள் என்பது காரணம். ஏமாற்று என்ற சொல் கடிதத்தில் இல்லை. இல்லாமலேயே புரிந்தது.

மருதாசலம் பம்பு செட் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவன். சித்திரையில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தான். சனிக்கிழமைதோறும் அதில் எழுதினான். சிங்காநல்லூர் குளத்துக்கு வந்த நாரைகள். பட்டறைக்கு வந்த பழைய மோட்டார். சின்ன வயதில் நீச்சல் பழகிய தோட்டத்துக் கிணறு.

யாராவது படிக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை.

பிறகு பக்கத்தின் தலையில் ஒரு விளம்பரம் ஒட்டக் கற்றுக்கொண்டான். அமெரிக்காவுக்குள் பூங்கொத்து அனுப்பும் கடையின் படம் அது. படிக்க வருகிறவர்கள் அதை அழுத்தினால் இவனுக்குக் கொஞ்சம் காசு.

"ஆடி முடியறதுக்குள்ள அது ஒரு டீச் செலவுக்காவது ஆகோணுங்க. இல்லீனா உட்டுப்போடுங்க" என்றாள் மனைவி. இப்போது ஆடி முடிய இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருந்தது.

வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவன் இதைச் சொந்தக்காரர்களிடம் விளக்கியிருந்தான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அத்தை பங்காரம்மாவுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது.

மொய்.

அன்றிலிருந்து, அத்தை சொல்லி, டவுனுக்கு ஜவுளி எடுக்க வந்த சொந்தக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் மாடியேறினார்கள். சென்டர்காரர் யூனுஸ் பக்கத்தைத் திறந்து கொடுப்பார். பூங்கொத்தை ஒருமுறை அழுத்திவிட்டு, கடமை முடிந்த முகத்தோடு இறங்கிப் போவார்கள். ஒரு வரி படித்ததில்லை.

மருதாசலத்துக்கு இது தெரியாது. எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து, எங்கோ சிங்கப்பூரில், கனடாவில் தன்னைப் படிக்கிறார்கள் என்று நினைத்திருந்தான்.

இப்போது யூனுஸ்தான் சொன்னார். "உங்க சொந்தக்காரங்க பாசத்துலயே கணக்க முடிச்சுப்போட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பங்காரம்மா மூச்சு வாங்க மேலே வந்தார். கூடச் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர். மவுஸை அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, நெடுநாள் குறையை அத்தை கேட்டார்.

"ஏங்கண்ணு, மொய் வெச்சா பேரு எழுத வேண்டாமா? டிக்குங்குது, அவ்வளவுதான். யாரு வெச்சா, யாரு வெக்கலேன்னு நாளைக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க அத்தை. இதுல பேரு ஏறாது."

"அப்ப உங்க அண்ணன் வெக்கலேங்கறதும் தெரியாது. உடு, அதுவும் நல்லதுக்குத்தான்."

அண்ணன் லட்சுமணசாமி காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கிறார். பாகம் பிரித்தபோது கிணறு அவர் பங்குக்குப் போனது. அதிலிருந்து பேச்சில்லை. மருதாசலத்தின் மகள் காதுகுத்துக்கு அவர் வரவில்லை, மொய்யும் வரவில்லை.

பூங்கொத்து இருந்த இடம் திரையில் வெறும் சாம்பல் கட்டமாகக் கிடந்தது. சம்பந்தி அதைப் பார்த்தபடி மவுஸோடு நின்றார்.

"லைனைக் கட் பண்ணிருங்க யூனுஸ். இனி எழுதறதா இல்லீங்க."

யூனுஸ் இணைப்பைத் துண்டித்தார். இருந்தது ஒரே தொலைபேசி லைன். இணையம் ஓடும் நேரமெல்லாம் அழைக்கிறவர்களுக்கு அது பிஸி.

துண்டித்த சற்று நேரத்தில் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட யூனுஸ், மருதாசலத்திடம் நீட்டினார். அவன் பக்கத்தில் தொடர்புக்கென்று கொடுத்திருந்ததும் அந்த எண்தான்.

"வெளம்பரத்தைக் காணோமே" என்றது மறுமுனை, வணக்கம் ஏதும் இல்லாமல். "காலைல இருந்து பாக்கறேன். எஸ்.டி.டி. போட்டு நெட்டுக்குள்ள வந்தா, பூவு இருந்த எடம் பொட்டலாக் கெடக்குது. எதை அமுத்தறது?"

குரலுக்குப் பின்னால் செக்கு ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பறம், கெணத்துக்கு மேக்கால படின்னு எழுதிப்போட்டிருக்கற. கெழக்கால. நீ படி வழியா எறங்கியிருந்தாத்தான தெரியும், எப்பவும் மேல இருந்து குதிச்சவன்."

"சரீங்ணா" என்றான் மருதாசலம்.

"வெச்சர்றேன். பில்லு ஏறுது."

பங்காரம்மா யார் என்று கேட்டார். அவன் யூனுஸிடம் லைனைத் திரும்பப் போடச் சொன்னான்.

ஆவணி முதல் சனிக்கிழமை, பக்கத்தில் கிணற்றின் படி கிழக்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. சாம்பல் கட்டம் இருந்த இடத்தில் புதிய விளம்பரம் ஒன்று வந்தது. மருதாசலமே வரைந்தது. காங்கேயத்து எண்ணெய் மில் ஒன்றின் பெயரும், ஒரு தென்னை மரமும்.

மில்லுக்கு இணையப் பக்கம் கிடையாது. அதனால் அழுத்தினால் அது எங்கும் போகாது.

அடுத்த வாரம் பங்காரம்மா மாடியேறி வந்து, அதையும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.