சட்டி பழக்கும் தெரு

பாவாயியின் வியாபாரத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று, பொழுது உச்சிக்கு வருவதற்குள் கந்தவேல் கண்டுபிடித்துவிட்டார்.

சேலத்தில் பெரிய பாத்திரக் கடை அவருக்கு. யுத்தம் வந்ததும் வந்தது, பித்தளையும் செம்பும் குண்டு செய்யப் போய்விட்டன. பட்டணத்துச் சனம் மறுபடியும் கல்சட்டியைத் தேட ஆரம்பித்திருந்தது. ராசிபுரத்துப் பாவாயி பத்து வருசமாகக் கல்சட்டி விற்கிறாள். ஒரு சட்டி வெடித்தது என்று பேச்சே கிடையாது. மாசம் நூறு சட்டி போடுகிறவளை ஐநூறு போட வைத்து ரயிலில் மதராசுக்கு அனுப்பினால் என்ன? முதல் நாமே போடலாம். ஆனால் போடுமுன் ஒருநடை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கல்லைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. உளி பிடிக்கிற ஆட்களைப் பார்த்தார். ஒருத்தனும் பீடிக்குக்கூட எழுந்து போகவில்லை. மனசுக்குள் மெச்சிக்கொண்டே பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். செதுக்கி முடித்த சட்டி ஒவ்வொன்றும், கூடவே ஒரு சின்ன மூட்டை அரிசி நொய்யோடு, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, சட்டியெல்லாம் எங்க போகுது?"

"தறிக்காரத் தெருவுக்குங்க. பழக்கறதுக்கு."

புதுக் கல்சட்டியைச் சட்டென்று அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். எண்ணெயும் மஞ்சளும் தடவி, கஞ்சி ஊற்றி, சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். பாத்திரக் கடைக்காரருக்கு இது தெரியாதா?

"எத்தனை நாளைக்கு?"

"பதினஞ்சு நாளுங்க. தெனமும் புதுசாக் கஞ்சி காய்ச்சோணும்."

கந்தவேல் சிரித்துவிட்டார். "எங்கம்மா நாலே நாள்ல பழக்கிருவாங்க. அதுவும் சோறு வடிச்ச தண்ணியில!"

"அது வேற கல்லா இருக்குமுங்க."

"இதே மலைக் கல்லுதானுங்க."

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் சொல்றதைக் கேளுங்க. தொட்டி ஒண்ணு கட்டி நூறு சட்டியையும் ஒண்ணாப் போட்டுப் பழக்குங்க. நாலு ஆளு, நாலு நாளு. நொய்யும் மிச்சம், நாளும் மிச்சம். அந்தத் தெருவை நிறுத்தறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே முன்பணம் தாரேன்."

அவள் பக்கத்திலிருந்த சட்டியின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"ஊட்டுக்காரரு போனப்பறம் ஒத்தை ஆளை வெச்சு ஆரம்பிச்சனுங்க. நம்ம சட்டி மதராசுல பொங்கோணும்னு ரொம்ப நாள் ஆசை." பிறகு தலையை ஆட்டினாள். "ஆனா தெருவை நிறுத்த முடியாதுங்க. சரிப்பட்டு வராதுன்னா உட்டுருங்க."

"அதான் ஏன் முடியாது?"

"முடியாதுங்க. மோர் குடிக்கறீங்களா?"

கந்தவேலுக்குச் சுருக்கென்றது. 'கைவேலை சுத்தம், புத்திதான் இல்லை. இவளை நம்பி முதல் போட்டால் அத்தனையும் நொய்யாகப் போய்விடும்' என்று முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ்ஸுக்குத் தறிக்காரத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. நூல் வரத்து நின்று நாலு மாசம் ஆகியிருந்தது. வெயில் தாங்காமல் ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்.

முத்தாயம்மாள் என்ற நெசவுக்காரம்மா மண் குவளையில் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே தறிக்குழி வெறுமனே கிடந்தது. அடுப்பில் புதுக் கல்சட்டி. அது தவிர அந்த வீட்டில் வேறு பாத்திரமே கண்ணில் படவில்லை.

"பாவாயியம்மா சட்டிங்களா?"

"ஆமாங்க. எங்க தெரு பழக்கலைன்னா அந்தச் சட்டியை எவன் வாங்குவான்?" என்றாள், தலையை நிமிர்த்தி.

"காய்ச்சுன கஞ்சியை என்ன பண்ணுவீங்க?"

"கீழ ஊத்தப்படாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. ஊட்டுல அத்தனை பேரும் குடிச்சுப் பாத்து, கல்லு வாசம் போச்சா இல்லையான்னு சொல்லோணும். எங்க ஊட்டுல ஏழு நாக்குங்க. ஏமாத்தவே முடியாது!"

"கூலி எவ்வளவு?"

"கூலியா? கேட்டதே இல்லீங்க. நூல் நின்ன புதுசுல அந்தம்மா நொய் மூட்டையோட வந்து, சும்மா வெச்சுக்கங்கன்னாங்க. தறிக்காரன் கை நீட்டுவானுங்களா? வாசல்லயே திருப்பி அனுப்பிட்டோம். மறுவாரம் மூஞ்சி வாடிப்போய் வந்து நிக்கறாங்க. வித்த சட்டியெல்லாம் வெடிக்குது, நீங்க கைகுடுத்தாத்தான் எம் பொழப்புன்னு ஒரே அழுகை. ஒத்தைப் பொம்பளை, பாவமா இருந்துச்சு. சரி, நம்மளை உட்டா அவங்களுக்கு ஆரு இருக்கான்னு தெருவே ஒத்துக்கிச்சுங்க."

கந்தவேலின் நாக்கு நுனிவரை 'நாலு நாள்' வந்துவிட்டது. மிச்சத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

"தெருவுல எத்தனை ஊடுங்க?"

"முப்பத்தெட்டுங்க."

தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"மதராசுக்கு மாசம் ஐநூறு சட்டி வேணுமுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிருங்க. பதினஞ்சு நாளுக்கு ஒரு நாள் கொறைஞ்சாலும் நான் வாங்க மாட்டேன். முப்பத்தெட்டு ஊடு எந்த மூலைக்குங்க? நீங்கதான் பெரிய மனசு பண்ணி, பக்கத்துத் தெருக்காரங்களையும் ஒத்துக்க வைக்கோணும்!"