மஞ்சள் ஷூவின் சத்தம்

“ஓடப்போறது யாருங்க, நீங்களா, அவங்களா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நான்” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கால் அளவை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஷூ அடுக்குகளுக்கு முதுகைக் காட்டியபடி, முகவாயைச் சற்றே உயர்த்தி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஓட்டம். நானூறு மீட்டர். அதில் அவள் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் இந்த மாதம் வேறு பேச்சே இல்லை.

அரையிறுதியில், வளைவில் தடுமாறிவிட்டாள். மயிரிழையில்தான் இறுதிக்குள் நுழைந்தாள்.

பயிற்சியாளர் அவள் காலைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

என் காலில் புது ஷூ இருந்தது. தடித்த நுரை அடிப்பாகம். பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறதே என்று ஆசை ஆசையாய் வாங்கியது.

கால்பந்துக்கானதைக் கடைக்காரரே ஒதுக்கிவிட்டார். அடியில் இருக்கும் குமிழ்கள் புல்லுக்குத்தான் சரி. பாட்மிண்டனுக்கானது பக்கவாட்டில் துள்ளுவதற்கு. நேராக ஓடினால் தரையைக் கவ்விக்கொண்டு விடாது. ஓட்டத்துக்கானவற்றை மட்டும் வரிசையாக என் முன் வைத்தார்.

ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன்.

“இது பூனை” என்றாள் அக்கா, திரும்பாமலே.

அடுத்தது.

“இது ஈரத்துணி.”

அடுத்தது.

“இதைப் போட்டுக்கிட்டு நீ திருடத்தான் போகணும்.”

கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. போன வாரம் வந்த இளஞ்சிவப்பு ஷூ ஒன்றை எடுத்து, நேராக அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை.

திமிர் என்று நினைத்திருப்பார். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னதும் எல்லோருடைய குரலும் இளகிப்போகும். அந்த இளகல் அவளுக்கு ஆகாது. திமிர் பிடித்தவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது அவளுக்கு நன்றாகத்தான் பொருந்துகிறது.

“சத்தம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?” என்றேன்.

“சத்தம் வருதுன்னு திருப்பிக் குடுக்கத்தாங்க வருவாங்க. அதைக் கேட்டு வாங்க இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல.”

ஆனாலும் உள்ளே போனார். தூசி தட்டியபடி ஒரு பெட்டியோடு வந்தார். பந்தயத்துக்கென்றே செய்தது. மெல்லிய, விறைப்பான அடிப்பாகம். நிறம்தான் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள். ஏதோ தான் பூசிவிட்டதுபோல அதற்காகச் சங்கடப்பட்டார்.

மாட்டிக்கொண்டு ஓடினேன்.

டக். டக். டக். டக்.

அக்காவின் முழங்காலில் ஒரு விரல் தாளம் போடத் தொடங்கியது.

“இன்னொரு தடவை ஓடுடி.”

ஓடினேன்.

“கலர் கெடக்குது, இதையே வாங்கு.”

ஞாயிற்றுக்கிழமை, அவள் வலது மணிக்கட்டையும் என் இடது மணிக்கட்டையும் ஒரு சாண் கயிறு இணைத்திருந்தது. போட்டியாளர்கள் எல்லோர் கண்ணிலும் கறுப்புப் பட்டை. பிறந்ததிலிருந்து பார்வையில்லாத அக்காவுக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கயிறு பெயருக்குத்தான். அவள் ஓடியது என் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு, கடைத்தெருவுக்கு, மொட்டை மாடிக்கு. முன்னால் நான், என் செருப்புச் சத்தம், அதன் பின்னால் அவள்.

வளைவு வந்தது. டக், டக். அவள் தடுமாறவில்லை.

கடைசி நேர்ப்பாதையில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. கோட்டை அவள் முதலில் தாண்ட வேண்டும், துணைக்கு ஓடுபவள் பின்னால்தான் வர வேண்டும் என்பது விதி. அதற்காக, கோடு நெருங்கும்போது ஓர் எட்டு பின்வாங்குவதைத் தனியாகப் பயிற்சி செய்திருந்தேன்.

தேவைப்படவில்லை. கயிறு விறைத்து என்னை இழுத்தது.

கோட்டுக்கு அப்பால், முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மூச்சிரைப்புக்கு நடுவிலும் சிரிப்பு அடங்கவில்லை.

“எல்லாக் காலும் பின்னாடிதான்டி கேட்டுச்சு” என்றாள். “உன்னுதும்.”