காணாமல் போன இரண்டு கிலோ

“பிள்ளைக்குன்னு குடுக்குற கஞ்சி மாவு யார் வயித்துக்குப் போகுதுன்னு இப்பத்தானே தெரியுது?”

டயட்டீஷியன் மேடம் ஃபைலை மேஜைமேல் தூக்கிப் போட்டார். எதிரே பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள். இடுப்பில் ஆறு வயது மகன். மூளை முடக்குவாதம். கால் இரண்டும் பின்னிக் கிடந்தன. கழுத்து நிற்க அம்மாவின் உள்ளங்கை வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் பதினோரு கிலோ இருந்தவன், இன்றைக்கு ஒன்பது. மேடம் கண்டிப்புக்குப் பேர்போனவர். கோபம் வராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, வராந்தாவில் அவள் பிள்ளையின் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு ஆயா வேறு வந்து வத்தி வைத்திருந்தாள்.

“அவன் துப்பினது மேடம். அதைத்தான் வழிச்சுப் போட்டுக்கிட்டேன்.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.”

இனி வாயால் ஊட்டிச் சரிவராது, வயிற்றில் குழாய் வைத்துவிடலாம் என்று மேடம் டாக்டருக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். அவள் மேஜையை ஒட்டி வந்து நின்றாள். இப்போதுதான் கரண்டி பிடிக்கிறான், பத்துக்கு மூன்று தடவை தானாகவே வாய்க்குக் கொண்டுபோகிறான், நிமிர்த்தி உட்காரவைத்து வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஊட்டுகிறேன், குழாய் வந்தால் கரண்டியை மறந்துவிடுவான், ஒரே ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினாள்.

“இவன் ஏறித்தான் இருக்கான் மேடம். நாள்பூரா சுமக்குற இடுப்புக்குத் தெரியாதா?”

“உன் இடுப்பை நம்பவா, மெஷினை நம்பவா?”

நர்ஸ் தயங்கித் தயங்கி நடுவில் வந்தாள். “மேடம், இவன் நிக்க மாட்டான். அம்மாவோட சேர்த்து எடை போட்டு, அம்மா எடையைக் கழிச்சுத்தான் எழுதுறோம். இன்னிக்குச் சேர்ந்து அம்பத்தேழு. அதுல நாப்பத்தெட்டு போக ஒன்பது.”

“சரியாத்தானே இருக்கு?”

“வேற ஆள் தூக்கினா விறைச்சுக்கிட்டு அழுவான். அதனால, அம்மாவைத் தனியா போட்டது முதல் மாசம் மட்டும்தான். அந்த நாப்பத்தெட்டைத்தான் மாசாமாசம் கழிக்கிறேன்.”

இதையும்தான் பார்த்துவிடலாமே என்று மேடம் எழுந்துவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவன் வில்லாய் வளைந்து காதருகே வீறிட்டான். ஒரு நிமிடத்தில் மேடத்துக்குக் கை கடுத்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நின்றாள்.

நாற்பத்து நான்கு.

நர்ஸ் மறுபடி கழித்துப் பார்த்தாள். பையன் பதின்மூன்று கிலோ. மேடம் மெஷினைப் பார்த்தார், பிறகு அதன்மேல் நின்றவளைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, ரவிக்கைத் தோள் தொளதொளவென்று தொங்கியது. இதெல்லாம் இத்தனை நாளாக எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவளோ தன் எடையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இறங்கி ஓடிவந்து பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டாள்.

“அப்ப ரெண்டு கிலோ கூடியிருக்கான்ல மேடம்? குழாய் வேண்டாம்ல?”

“வேண்டாம்மா.”

மேடம் சீட்டைக் கிழித்துப் போட்டார். நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். பிறகு புது ஃபைல் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“உங்க பேர் என்னம்மா?”