துணி ஓரத்துப் பெயர்

"திருட்டுடி இது! பச்சைத் திருட்டு!"

ஸ்நேகா போனில் போட்ட கூச்சலுக்குச் செம்பாக்கம் ஏரிக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்திருக்கும்.

மறுமுனையில் ஜெரூஷா. இருவரும் வீட்டு அலங்காரத் துணி டிசைன் படிப்பில் இரண்டாம் வருடம். தாம்பரத்தில் புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போன ஜெரூஷா, அங்கே தொங்கிய ஜன்னல் ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

பச்சையும் மஞ்சளும் சாய்வாகப் பின்னிக்கொண்டு போகும் கட்டங்கள். நாலு கட்டத்துக்கு ஒரு சிவப்பு. போன செமஸ்டரில், 'முழுக்க என் சொந்தக் கற்பனை மிஸ்' என்று வகுப்பில் சொல்லி, ஸ்நேகா நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கிய அதே டிசைன்!

அதைச் செய்து கொடுத்தது யார் என்று விசாரித்தால், மார்க் போட்ட ஹில்டா மிஸ்ஸேதான். பாடம் நடத்தும் நேரம் போக, வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் துணி டிசைன் செய்து கொடுப்பவர் அவர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"மிஸ்ஸை எதிர்த்துக்கிட்டா இன்டர்னல் மார்க்ல கை வைப்பாங்கடி" என்று பயந்தாள் ஜெரூஷா.

"வைக்கட்டும். என் பேர் இல்லாம அந்தத் துணி அங்க தொங்கக் கூடாது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

தேதி போட்டு வரைந்து வைத்திருந்த காகிதங்களை அள்ளினாள். அவசரத்துக்கு டிபன் கொண்டுபோகும் ஒயர் கூடைதான் கையில் அகப்பட்டது. அதில் திணித்தாள்.

பாத்திரம் தேய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டு வேலைக்காரி தீபலட்சுமி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அந்தக் கூடை வோணாம் பாப்பா. காது பிஞ்சிகினு கீது, நடுரோட்ல வுட்டுடும். வேற பை எட்துக்கினு போ."

"பரவால்லக்கா, நான் பார்த்துக்கறேன்."

"சொன்னா கேளு பாப்பா..."

ஸ்நேகா எங்கே கேட்டாள்? ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் ஹில்டா மிஸ்ஸின் ஸ்டூடியோ. துணி அளந்துகொண்டிருந்தவர் முன்னால் போனை நீட்டினாள்.

"இது யார் டிசைன் மிஸ்?"

"முதல்ல உட்காரு."

"உட்கார வரலை மிஸ். முதல் நாள் கிளாஸ்ல என்ன சொன்னீங்க? 'டிசைன் யாரோடதோ, அவங்க பேர் துணி ஓரத்துல அச்சாகணும். தைக்கும்போது உள்ள மடிஞ்சு மறைஞ்சாலும் பேர் இருக்கணும்.' சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்போ பேரைப் போடுங்க! இல்லேன்னா பிரின்சிபால்கிட்ட போவேன். ஆதாரம் கொண்டு வந்திருக்கேன்."

கூடையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

ஹில்டா காகிதங்களைப் பார்க்கவில்லை. கூடையைத்தான் பார்த்தார்.

"பேர் போட்டாச்சு ஸ்நேகா."

மிச்சமிருந்த துணிச் சுருளை விரித்து, ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில், மீட்டருக்கு ஒரு தடவை அச்சாகியிருந்தது.

'டிசைன்: தீபலட்சுமி, செம்பாக்கம்.'

ஸ்நேகா இன்னொரு தடவை படித்தாள். மேஜைமேல் இருந்த கூடையைப் பார்த்தாள். பச்சை, மஞ்சள், நாலு கட்டத்துக்கு ஒரு சிவப்பு.

"மார்க் போட்டப்புறம் ஒரு நாள் நீ டிபனை மறந்துட்டு வந்தே. அவங்கதான் இந்தக் கூடையில காலேஜுக்குக் கொண்டு வந்தாங்க. யார் பின்னினதுன்னு கேட்டேன். நான்தாம்மா, மனசுல வந்ததைப் பின்னினேன்னாங்க."

"மிஸ்..."

"நீ அதைப் பார்த்து வரைஞ்சது அவங்களுக்கு முதல்லயே தெரியும். 'பாப்பா பேரே போடுங்க, எனக்கு எதுக்கு'ன்னாங்க. நான் விடலை. கடைசில, உன் மார்க்கைக் குறைக்க மாட்டேன், நானா உன்கிட்ட இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்தே போட்டாங்க. இன்னைக்கு நீயா வந்து கேட்டே. சொல்லிட்டேன்."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தத் தொண்ணூற்றிரண்டை அடிச்சிடுங்க மிஸ். வேற டிசைன் செஞ்சு கொண்டு வரேன்."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேனே?"

"நான் பண்ணலையே மிஸ். அடிங்க."

கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில்தான் தீபலட்சுமி சொன்னது நினைவுக்கு வந்தது. நின்று, கூடையின் காதுகளை இழுத்துப் பார்த்தாள்.

இரண்டும் கெட்டியாகத்தான் இருந்தன.