ஜாக்கும் ஒன்பதும்

ஞாயிறு மத்தியானம் கொலோனில், இணையப் போக்கரில் நிஷாந்தனுக்கு இரண்டு ஏஸ் வந்தன. பலமான கை வந்தால் அவன் மெல்லத்தான் கட்டுவான். எதிராளி வெருண்டு ஓடிவிடக் கூடாது. அன்றும் கொஞ்சமாகக் கட்டினான். முகப்புப் படமில்லாத ஒருவர் தன்னிடமிருந்த அத்தனையையும் தள்ளினார். நிஷாந்தன் சிரித்துக்கொண்டே ஈடு கட்டினான்.

அவர் காட்டியது ஜாக்கும் ஒன்பதும். போக்கரில் அது சும்மா கை. யாழ்ப்பாணத்தில் 304 சீட்டு அடித்துப் பழகியவர்களுக்குத்தான் அதைவிடப் பெரிய சீட்டுகள் இல்லை. நடுவில் விரித்த பொதுச் சீட்டுகளிலும் ஒரு ஜாக்கும் ஒரு ஒன்பதும் விழ, அவருடைய இரண்டு சோடி ஏஸ் சோடியை வென்றது. நிஷாந்தனிடம் இருந்ததில் பாதி போயிற்று.

இந்தக் கையை நம்பி அவனிடம் ஒவ்வொரு ஞாயிறும் தோற்றவர் பரராசசிங்கம் அண்ணை ஒருவர்தான். நேற்று அவருடைய அந்தியேட்டிச் சடங்கும் படையலும். செத்து முப்பத்தொரு நாள்.

திரையின் மூலையில் எழுத்து வந்தது: "தம்பி, நேற்றுச் சாம்பாருக்கு உப்புக் காணாது."

நிஷாந்தன் அதை உரக்க வாசித்தான். சாம்பார் வைத்த மனைவி கம்சனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிட்ட ஒருத்தரும் சொல்லேல்லையே. ஆர் சொன்னது?"

"பரராசசிங்கம் அண்ணை."

"அவர் எப்பவும் அப்பிடித்தான்," என்று உள்ளே போனாள்.

அடுத்த கையிலும் நிஷாந்தனுக்கு இரண்டு ஏஸ். அண்ணை மறுபடி அத்தனையையும் தள்ளினார். நிஷாந்தன் இரண்டையும் மரியாதையாகக் கவிழ்த்து, விட்டுக்கொடுத்தான்.